கோணலாகத் தைத்த பை

ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவள் என்று அவளைப் பற்றிச் சொல்வார்கள். கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறார்கள். ஆனாலும் அவள் சாலையோரமாக நடந்துபோனால், சிக்னலில் நிற்கும் கார்களில் யாராவது ஒருவர் சட்டென்று முதுகை நிமிர்த்தி, மடியில் கிடந்த கைபேசியைப் பின்சீட்டில் எறிவதைப் பார்க்கலாம். லைசென்ஸ் வாங்கியதோடு போகிற பயம் இல்லை அது. பல் டாக்டர், பாங்க் மேனேஜர், பேக்கரிக்காரர் என்று எல்லோருக்கும் அவள் டீச்சர். வெளியே ஒட்டிய பெயர் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. கட்டிய கணவரே அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

அவள் கத்துகிற ரகம் இல்லை. பயிற்சிக் காரின் பக்கத்து இருக்கையில், காலடியில் தனக்கென்று பொருத்திய பிரேக்கின் மேல் காலை வைத்தபடி, கிளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோல ஒரே குரலில் சொல்லிக்கொண்டே வருவாள். "அவசரப்படாத. கண்ணாடி பாரு. இப்ப கிளட்ச்ச விடு. மெதுவா. உன்னை யாரும் துரத்தல." எதிரே லாரி வந்தாலும் குரல் ஏறாது. கால் மட்டும் பிரேக்கை அழுத்திவிடும்.

ஐம்பதைத் தாண்டியபின் ஒரு திங்கட்கிழமைக் காலை, ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்த ஒரு நர்ஸுக்கு இடதுபக்கக் கண்ணாடியைக் காட்டப் போனாள். கை எழவில்லை. இன்னொரு தடவை முயன்றாள். அப்போதும் வரவில்லை. "டீச்சர், உங்க வாய் ஒரு பக்கமா போகுது" என்றாள் அந்த நர்ஸ். பிறகு எதையும் கேட்காமல் வண்டியைத் திருப்பி, இன்னும் லைசென்ஸ் வாங்காதவள், ஆஸ்பத்திரி வாசல்வரை ஓட்டிக்கொண்டு போனாள். வழியில் ஓர் இடத்தில்கூட என்ஜின் நிற்கவில்லை. அந்தக் காலையைப் பற்றி டீச்சர் பின்னாளில் பேசியதெல்லாம் இந்த ஒன்றைத்தான், அதுவும் பெருமையாக.

பக்கவாதம். வாய் சில வாரங்களில் நேரானது. கால் மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. கொஞ்சம் இழுத்து நடப்பாள், அவ்வளவுதான். இடது கைதான் போன இடத்திலேயே நின்றுவிட்டது. தோள் இறங்கி, முழங்கை மடங்கி, விரல்கள் சுருண்டு, எதையோ ஒளித்து வைத்திருக்கும் குழந்தையின் கைபோல வயிற்றை ஒட்டிக் கிடந்தது. பயிற்சிப் பள்ளிக்காரர்கள் நல்லவர்கள். "நல்லா ரெஸ்ட் எடுங்க டீச்சர், அப்புறம் பாக்கலாம்" என்றார்கள். அந்த அப்புறம் வரப்போவதில்லை என்று அவளுக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும்.

அதையெல்லாம் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கினாள். தாங்க முடியாமல் போனது ஒரு சின்ன விஷயம்.

முதல்முறையாகத் தனியாகச் சூப்பர் மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். பழைய கறுப்புக் கைப்பை வலது தோளில். சாமான்களைக் கூடையில் போட்டு, கவுண்டர்வரை வந்தாகிவிட்டது. பர்ஸை எடுக்கப் பையின் ஜிப்பை இழுத்தாள். ஜிப் நகரவில்லை, பைதான் அதனோடு சேர்ந்து நகர்ந்து வந்தது. ஜிப்பை ஒரு கை இழுக்கும்போது பையை இன்னொரு கை பிடித்திருக்க வேண்டும் என்பது, ஆயுள் முழுக்க அதைச் செய்தவளுக்கு அந்த நிமிஷம்தான் தெரிந்தது. பையைக் கவுண்டரில் வைத்தாள். சரிந்தது. முகவாயால் அழுத்திப் பிடித்தாள். பாதி திறந்தது. பின்னால் வரிசை நீண்டது. ஒருவரும் உச்சுக் கொட்டவில்லை. எல்லோரும் பொறுமையாக நின்றார்கள், அதுதான் கொடுமை. பின்னால் நின்ற ஒரு பெண், "விடுங்க, நான் எடுத்துத் தரேன்" என்று அன்பாகச் சொல்லிப் பைக்குள் கையை விட்டாள். சீப்பு வந்தது. மாத்திரை அட்டை வந்தது. அழுக்குக் கைக்குட்டை, பாதி தின்று மடித்து வைத்த பிஸ்கட் பாக்கெட் என்று ஒவ்வொன்றாகக் கவுண்டரில் கடை பரப்பியபின் பர்ஸ் வந்தது.

நன்றி சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தாள். பையைக் கதவுக்குப் பின்னால் மாட்டினாள். அன்றிலிருந்து வெளியே போவதை விட்டுவிட்டாள். பிசியோதெரபிக்கு மட்டும் கணவரோடு காரில் போய் வருவாள். கேட்டால், "கால் வலிக்குது" என்பாள்.

அவள் கணவர் அதிகம் பேசாதவர். ஆயத்த ஆடைக் கம்பெனி ஒன்றில், துணி வெட்டுவதற்கான அளவுப்படமான பேட்டர்ன் போடுகிறவர். ஒரு காலத்தில் பெரிய மேசையில் பழுப்புக் காகிதம் விரித்து, ஸ்கேலும் பென்சிலுமாகச் சட்டை வரைந்தவர். இப்போது எல்லாம் கம்ப்யூட்டரில். வாரத்தில் பாதி நாள் வீட்டிலிருந்தே வேலை. மகள் கல்யாணமாகிப் போனபின் காலியான சின்ன அறையில், ஜன்னலோரமாகப் பெரிய திரை ஒன்றை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

கவுண்டரில் நடந்ததை அவள் அவரிடம் சொல்லவில்லை. கடையில் பில் போடுகிற பெண்தான், "ஆன்ட்டி இப்பல்லாம் வர்றதே இல்லையே, அன்னிக்குப் பை தொறக்க ரொம்பக் கஷ்டப்பட்டாங்க" என்று சொல்லிவிட்டாள். அவர் வீட்டுக்கு வந்து கதவுக்குப் பின்னால் தொங்கிய பையை எடுத்தார். தன் இடது கையை முதுகுக்குப் பின்னால் மடக்கிக்கொண்டு, ஜிப்பை இழுத்துப் பார்த்தார். பிறகு அதைத் திரும்ப மாட்டிவிட்டு, சின்ன அறைக்குள் போய்விட்டார்.

அதன்பின் சில நாட்கள், அவள் அறைக்குள் எட்டிப் பார்க்கும்போதெல்லாம் அவர் திரையில் அவசரமாக ஒரு சட்டையை வரவழைத்தார். முப்பது வருஷம் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து மனிதர்களைப் பார்த்தவளுக்கு, ஒரு ஆள் எதையோ மறைக்கிறான் என்பது அவன் தோளிலேயே தெரிந்துவிடும். தெரிந்தும் கண்டுகொள்ளவில்லை.

ஒரு மதியம் கூரியர்காரர் மணியடிக்க, கணவர் எழுந்து வாசலுக்குப் போனார். அவள் அந்தப் பக்கமாக நடந்தவள், அறையின் நடுவில் நின்றுவிட்டாள்.

திரையில் ஒரு உருவம். சாம்பல் நிற உடம்பு, தலையில் முடி இல்லை, முகம் என்று சொல்ல மூக்கும் கண்குழியும்தான். கணவர் வரைந்த சட்டைகளைப் போட்டுக்கொண்டு இப்படிப்பட்ட பொம்மைகள் நிற்பதை அவள் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். அவையெல்லாம் ஒல்லியாக, கடையில் நிற்கும் பொம்மைகளைப்போல நிமிர்ந்து நிற்கும். இது நிமிர்ந்து நிற்கவில்லை. இடுப்பு அகலமாக, வயிறு முன்தள்ளி, இடது தோள் மட்டும் கீழே இறங்கியிருந்தது. வலது தோளிலிருந்து குறுக்காக ஒரு பச்சைப் பை தொங்கியது.

குளியலறைக் கண்ணாடி முன்னால் வலதுபக்கமாகத் திரும்பி நின்று தலைவார அவள் பழகியிருந்தாள். அந்தத் தோளை நேருக்கு நேர் பார்த்து மாதக்கணக்காகிவிட்டது.

கணவர் திரும்பி வந்து, வாசற்படியிலேயே நின்றார்.

"இது யாரு?" என்றாள்.

"சும்மா... ஒரு அவதார். பையை மாட்டிப் பாக்கறதுக்கு."

"நானா?"

அவர் கூரியர் உறையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். "ஆமா."

"எப்ப அளந்தீங்க?"

"அளக்கல. எனக்குத் தெரியும்ல."

"கம்பெனில யார் யார் பாத்தாங்க?"

"ஒருத்தரும் பாக்கல. இந்தக் கம்ப்யூட்டரை விட்டு வெளிய போகல. உனக்கு ஒரு பை பண்ணலாம்னு... ஒரு கையால தொறக்கற மாதிரி. முடிச்சுட்டுக் காட்டலாம்னு இருந்தேன்."

"என்னைக் கேக்காம என்னையே செஞ்சு நிக்க வெச்சிருக்கீங்க" என்றாள். குரல் ஏறவில்லை. "துணிகூட இல்லாம."

அதற்கப்புறம் அவள் அவரோடு பேசவில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டும் இல்லை. பேச எதுவும் இல்லாததுபோல இருந்தாள். மகள் போன் செய்தாள். அப்பா சொல்லிவிட்டார் போலிருக்கிறது. "உனக்காகத்தானேம்மா பண்றார்" என்றாள்.

"எனக்காகன்னா என்கிட்ட கேக்கணும்ல."

"கேட்டா வேணாம்னுதானே சொல்லுவ."

"சொல்லுவேன். ஆனா கேக்கணும்ல."

மகள் சிரித்துவிட்டாள். டீச்சர் போனை வைத்துவிட்டாள்.

கோபம் இருந்தது, வெட்கமும் இருந்தது. ஆனால் அவற்றுக்கு அடியில் இன்னொன்று முள்ளாக உறுத்திக்கொண்டிருந்தது. அந்தப் பொம்மையின் கை. அது தப்பாக இருந்தது. தோள் சரி, இடுப்பு சரி, வயிறுகூட, சொல்லக் கூசினாலும், சரி. இடது கை மட்டும் நேராகக் கீழே தொங்கியது. என் கை அப்படியா தொங்குகிறது? தப்பாக உட்கார்ந்த கையைப் பார்த்துவிட்டுத் திருத்தாமல் இருப்பது அவளால் ஆகாத காரியம். இரண்டு நாள் பொறுத்தாள். அதற்குமேல் முடியவில்லை. காலையில் சின்ன அறைக்குள் போனாள். கணவர் திடுக்கிட்டுச் சட்டையை வரவழைத்தார்.

"சட்டையை எடுங்க. அதைக் காட்டுங்க."

காட்டினார்.

"கை தப்பு. முழங்கை மடங்கியிருக்கணும். மணிக்கட்டு உள்பக்கமா. விரல் சுருண்டிருக்கணும். என்னைப் பாத்துத்தானே செஞ்சீங்க?"

அவர் திரும்பி அவள் கையைப் பார்த்தார். "தெரியும்" என்றார் மெதுவாக. "அப்படி வெக்க மனசு வரல."

அவள் சாப்பாட்டு மேசையிலிருந்து ஒரு நாற்காலியை ஒற்றைக் கையால் தரதரவென்று இழுத்துவந்து, அவருக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். "வைங்க" என்றாள்.

அவர் ஏதோ அழுத்த, பொம்மைக்குள்ளிருந்து மூட்டுகள் புள்ளி புள்ளியாகத் தெரிந்தன. முழங்கைப் புள்ளியைப் பிடித்து மடக்கினார். "இன்னும்" என்றாள். மணிக்கட்டைத் திருப்பினார். "அவ்வளவு இல்ல. கொஞ்சம் விடு. மெதுவா." முப்பது வருஷப் பழக்கத்தில் அவரை ஒருமையில் சொன்னது அவளுக்கே தெரியவில்லை. அவர் கண்டுகொள்ளவில்லை. விரல்களை ஒவ்வொன்றாகச் சுருட்டினார். முடிந்ததும் அவள் திரையைப் பார்த்தாள். மாதக்கணக்கில் பார்க்காமல் தப்பித்துவந்தது முழுசாக எதிரே நின்றது. எதிர்பார்த்த அளவுக்கு அது அவளை ஒன்றும் செய்துவிடவில்லை.

"முதல்ல ஒரு சட்டை போடுங்க அவளுக்கு" என்றாள். "அப்புறம் பையைப் பாக்கலாம். இனிமே நான் சொல்லாம ஒரு கோடு போடக்கூடாது."

அப்படித்தான் ஆரம்பித்தது. கணவருக்கு மாலைகளில்தான் சொந்த நேரம். கம்பெனி வேலையை மூடிவிட்டு அவர் மென்பொருளை மறுபடி திறந்தால், பக்கத்து நாற்காலியில் அவள் ஏற்கெனவே உட்கார்ந்திருப்பாள். திரையின் ஒரு பாதியில் பையின் துண்டுகள் வெட்டிப் போட்ட காகிதம்போலத் தட்டையாகக் கிடக்கும். முன்பக்கம், பின்பக்கம், அடிப்பாகம், வார். எந்த ஓரம் எந்த ஓரத்தோடு சேர வேண்டும் என்று கோடு இழுத்துச் சொல்லிவிட்டு ஒரு பொத்தானை அழுத்தினால், மறுபாதியில் அந்தத் துண்டுகள் தாமாக எழுந்து ஒன்றோடொன்று தைத்துக்கொண்டு பொம்மைமேல் போய் விழும். அதைப் பார்க்க அவளுக்கு அலுக்கவே இல்லை.

ஆனால் அந்த மென்பொருள் சட்டைக்காகச் செய்தது. சட்டைக்குள் உடம்பு இருக்கும், உடம்பு துணியைத் தாங்கும். பைக்குள் யார் இருக்கிறார்கள்? பச்சைப் பையைத் தோளிலிருந்து கழற்றி நிறுத்திப் பார்த்தபோது, ஈரத் துண்டுபோலச் சுருண்டு விழுந்தது. கணவர் துணிக்கு விறைப்பு ஏற்றினார். உள்ளே இன்னொரு அடுக்கு வைத்தார். விறைப்பு கூடியதும் அட்டைப் பெட்டிபோல உடம்பை விட்டு விலகி நின்றது. குறைத்தால் தொய்ந்தது. கடைசியில், பைக்குள் அடைந்திருக்கும் சாமான்களுக்குப் பதிலாக ஒரு செங்கல் வடிவத்தை உள்ளே வைத்தார். எங்கே துணி அதிகமாக இழுபடுகிறதோ அங்கே சிவப்பாகக் காட்டும் ஒரு வசதி அதில் இருந்தது. அதைப் போட்டதும், வார் கழுத்தை ஒட்டிய இடத்தில் ரத்தச் சிவப்பு.

"அங்கதான் வலிக்கும்" என்றாள் டீச்சர். "பழைய பை அங்கதான் வலிக்கும்." தன் வலியை ஒரு இயந்திரம் நிறம் போட்டுக் காட்டியதில் அவளுக்கு ஒரு திருப்தி. கணவர் வாரை அகலமாக்கினார், வளைத்தார். சிவப்பு ஆரஞ்சாகி, மஞ்சளாகி, ஒரு மாலையில் பச்சைக்கு வந்தது.

திறப்பதுதான் சரிப்படவில்லை. அவர் முதலில் ஜிப்பின் நுனியில் பெரிய வளையம் வைத்திருந்தார்.

"வளையத்த இழுத்தா பை எங்க போகும்?" என்றாள்.

"போகாது பாரு, அங்கேயே இருக்கு."

"திரையில இருக்கும். அங்க யாரும் இழுக்கலயே."

அது உண்மைதான். மென்பொருளுக்குப் பை தொங்கத் தெரியும், திறக்கத் தெரியாது. ஒரு பழைய தலையணை உறையில் கணவரை வார் தைத்துத் தரச் சொல்லி, அதற்குள் புத்தகங்களைப் போட்டு, அவள் கூடத்தில் ஒத்திகை பார்க்க ஆரம்பித்தாள். திறந்து, எடுத்து, மூடி. மறுபடி திறந்து, எடுத்து, மூடி. ஜிப்பை ஒழித்தாள். மேலிருந்து மூடி விழுகிற மாதிரி ஒரு மடிப்பு, அதன் நுனியில் காந்தம். மடிப்பைத் தூக்குவது சுலபம், ஆனால் கையை உள்ளே விடும்போது அது மணிக்கட்டின்மேல் விழுந்தது. பின்பக்கத்தில் இன்னொரு காந்தம் வைக்கச் சொன்னாள், தூக்கிய மடிப்பு பின்னால் போய் ஒட்டிக்கொண்டது. அப்போது பையின் வாய் சுருங்கிக்கொண்டது. விளிம்புக்குள் மெல்லிய தகடு வைக்கச் சொன்னாள். எல்லாம் சரியாகியும், கை உள்ளே போனதும் பை முன்னும் பின்னும் ஆடியது. துழாவத் துழாவ ஆடியது. ஒரு மாலை முழுக்க அதோடு மல்லுக்கட்டிவிட்டு அவள் உறையைத் தரையில் போட்டாள்.

"வண்டியில எல்லாம் இருக்கு. ஹேண்ட் பிரேக் இல்ல" என்றாள்.

கணவர் இடுப்பைச் சுற்றி ஒரு பட்டை வைக்கலாம் என்றார். ஒரு கையால் பக்கிள் எப்படிப் போடுவது என்று கேட்டாள். அவர் யோசித்தார். அவள் கீழே குனிந்து உறையை எடுத்து மாட்டிக்கொள்ளும்போது, அது இடது முழங்கையின் மடிப்பில் சிக்கிக்கொண்டது. மடங்கிக் கிடந்த கை அதன்மேல் பாரமாக இறங்கியது. உறை அசையவில்லை. அவள் வலது கையை உள்ளே விட்டுத் துழாவினாள். அசையவில்லை.

"இங்க வாங்க" என்றாள். "இத பாருங்க. இந்தக் கைதான் பிரேக்."

பையின் முன்பக்கத்தில், இடது கை நுழைந்து தங்குகிற மாதிரி ஒரு அகலமான உறைப்பை வேண்டும் என்றாள். கையின் கனமே பையை ஆடாமல் பிடித்துக்கொள்ளும். கணவர் அதுவரை எதையும் மறுத்ததில்லை. இதை மறுத்தார்.

"அந்தக் கைக்கு எதுக்கு வேலை குடுக்கணும்? அது பாட்டுக்கு இருக்கட்டுமே."

"அது பாட்டுக்கு இருக்கறதுதான் எனக்கு ஆகல" என்றாள். "சும்மா உக்காந்து தின்ற கை. ஒரு வேலை செய்யட்டும்."

மறுநாள் பிசியோதெரபிஸ்டிடம் கேட்டார்கள். அந்தத் தோளில் எதையும் மாட்டித் தொங்கவிடக் கூடாது, கை இளைப்பாறலாம், ஆனால் அவ்வப்போது வெளியே எடுத்து நீட்டிவிட வேண்டும் என்றார் அவர். அது போதும் அவளுக்கு. அன்று மாலை கணவர் உறைப்பையை வரைந்தார். சுருண்ட கை வந்து நுழைகிற கோணத்தில் அதன் வாய் சாய்வாக இருந்தது. இடதுபக்கத்து வார் வலதுபக்கத்தைவிடத் தாழ்வாகத் தொடங்கியது. தட்டையாக விரித்துப் பார்த்தால், கை நடுக்கத்தோடு வரைந்ததுபோல எல்லாமே கோணல். பொத்தானை அழுத்தி, பொம்மையின்மேல் விழுந்து அமர்ந்ததும் கோணல் போய்விட்டது. அந்த உடம்பில் அது நேராக நின்றது.

பேட்டர்னைக் காகிதத்தில் அச்செடுத்து, கடைத்தெருவுக்குப் பின்னால் சந்தில் பை தைக்கிறவரிடம் கொடுத்தார்கள். பள்ளிப் பை, பயணப் பை, கித்தார் உறை என்று எது கிழிந்தாலும் சரிசெய்கிற ஆள். கடை முழுக்கப் பக்கிளும் நாடாவும் தொங்கும். கேன்வாஸும் காந்தமும் டீச்சரே தொட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுத்தாள். கடும் நீலம். சொன்ன நாளில் தைத்து வைத்திருந்தார். அழகாக இருந்தது. டீச்சர் மாட்டிக்கொண்டாள். உறைப்பைக்குள் கை நுழையவில்லை. மணிக்கட்டு விளிம்பில் இடித்தது. பை வலதுபக்கமாக நழுவியது. இடது வாரைத் தடவிப் பார்த்தவள், கணவரைப் பார்த்தாள். கணவர் பையை வாங்கி மேசையில் விரித்து, அச்செடுத்த காகிதத்தைப் பக்கத்தில் வைத்தார்.

"அண்ணே, காகிதத்துல இருக்கறது வேற, இது வேற."

"ஆமா சார். நீங்க போட்டது ஒரு பக்கம் கோணலா இருந்துச்சு. பிரின்ட்ல தப்பு வந்துடுச்சு போலன்னு நான் நேராக்கிட்டேன். மடிச்சுப் பாருங்க, ரெண்டு பக்கமும் மயிரிழை பிசகாது."

கணவர் அச்சுக் காகிதத்தைக் கையில் எடுத்தார். டீச்சர் சிரிக்க ஆரம்பித்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததற்கப்புறம் அவள் அப்படிச் சிரித்து அவர் கேட்டதில்லை.

"தப்பு பிரின்ட்ல இல்ல அண்ணே. நான்தான் கோணல். இங்க பாருங்க." கடைக்கு நடுவில், வெளிச்சத்தில், அவருக்கு நேராகத் திரும்பி நின்றாள். "இந்தத் தோள் இங்க இருக்கு. இது இங்க இருக்கு. கை இப்படித்தான் வரும். இதுக்குத் தைச்சுக் குடுங்க."

தையல்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். சங்கடப்படவில்லை. கித்தாரைப் பார்ப்பதுபோல, எங்கே புடைக்கிறது, எங்கே ஒடுங்குகிறது என்று பார்த்தார். "இத முதல்லயே சொல்லியிருந்தா நான் ஏன் கெடுக்கப்போறேன்" என்று முணுமுணுத்துக்கொண்டே தையலைப் பிரிக்க உட்கார்ந்தார். இரண்டாவது தடவை தைத்தபோது, யாரும் சொல்லாமலே உறைப்பைக்குள் மெத்தென்ற துணி கொடுத்து, விளிம்பை உருட்டித் தைத்திருந்தார். கேன்வாஸ் வேர்வையில் தோலை அறுக்கும் என்றார். அது திரையில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

புதுப் பையோடு அவள் தனியாகச் சூப்பர் மார்க்கெட்டுக்குப் போனாள். கணவர் வருகிறேன் என்றார், வேண்டாம் என்றுவிட்டாள். கவுண்டரில் மடிப்பைத் தூக்கினாள், பின்னால் ஒட்டிக்கொண்டது. பர்ஸை எடுத்தாள், கொடுத்தாள், வைத்தாள், மூடினாள். பில் போடுகிற பெண், "பை நல்லாருக்கே ஆன்ட்டி, எங்க வாங்கினீங்க?" என்றாள். பின்னால் நின்றவர் கைபேசியில் மூழ்கியிருந்தார். யாரும் பொறுமையாக இருக்கவில்லை, பொறுமைக்கு அங்கே வேலை இல்லை.

வீட்டுக்கு வந்தவள் பாராட்டுவாள் என்று கணவர் நினைத்திருந்தால், அவருக்கு அவளைத் தெரியவில்லை என்று அர்த்தம். வழியில் தூறல் போட்டது. மடிப்பின் ஓரத்தில் தண்ணீர் உள்ளே இறங்கியிருந்தது. "ரெண்டு பக்கமும் இன்னும் கொஞ்சம் இறக்கணும். அடியில ரப்பர் வேணும், கவுண்டர் வழுக்குது. காந்தம் பஸ் கார்டுகிட்ட வராம பாத்துக்கணும். உக்காருங்க" என்றாள். அவர் உட்கார்ந்தார்.

ஆனாலும் அன்று, அவள் காபி போட்டுக் கொண்டுவந்து அவர் மேசையில் வைத்தபோது, பையைக் கழற்றாமல் வைத்திருந்தாள். வீட்டுக்குள் பை எதற்கு என்று அவர் கேட்கவில்லை.

இப்போது அவள் பஸ்ஸில் தனியாகத்தான் பிசியோதெரபிக்குப் போகிறாள். அந்தக் கூடத்தில் எல்லோரும் ஏதோ ஒரு பக்கம் சாய்ந்தவர்கள். சுவரைப் பிடித்து நடப்பவர்கள், பந்தை அழுத்துபவர்கள். பையைப் பற்றிக் கேட்காதவர்கள் குறைவு. ஒரு முடிதிருத்துகிறவர் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தார். வாட்டசாட்டமான ஆள். பக்கவாதத்தில் வலது கை விளங்காமல் போய்விட்டது. இடது கையால் கத்தரி பிடிக்கப் பழகிக்கொண்டிருந்தார். தன் மச்சானை உட்காரவைத்து வெட்டிப் பழகியதில் மச்சான் இரண்டு வாரம் தொப்பியோடு திரிந்தாராம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

"எனக்கு ஒண்ணு பண்ணித் தர முடியுமா டீச்சர்? சீப்பு, கத்தரி, பிரஷ் எல்லாம் வெக்கணும். வீடு வீடா போய் வெட்டலாம்னு இருக்கேன். உங்களது அப்படியே திருப்பிப் போட்டா போதும்ல?"

கணவரும் முன்பு ஒருமுறை அதையே சொல்லியிருந்தார். ஒரு பொத்தானை அழுத்தினால் இடது வலதாகிவிடும், பேட்டர்ன் முழுசாகத் திரும்பிக்கொள்ளும் என்று. ஏற்றுக்கொள்ளச் சுலபமான பதில் அது.

"போதாது" என்றாள் டீச்சர். "உங்க தோள் என் தோள் இல்ல. எந்திரிங்க."

அவர் எழுந்தார். போட்டோ பிடிக்கப்போகிறார்கள் என்பதுபோல நெஞ்சை நிமிர்த்தி, இறங்கிய தோளை முடிந்தமட்டும் தூக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நிமிராதீங்க" என்றாள். "வீட்டுல, யாரும் பாக்காதப்ப எப்படி நிப்பீங்களோ அப்படி நில்லுங்க."

அவர் கொஞ்சம் தயங்கினார். கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். பிறகு மூச்சை விட்டார். வலது தோள் மெல்ல இறங்கியது, கை வயிற்றை நோக்கி மடங்கி வந்தது, உடம்பு முழுக்க ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. டீச்சர் அவரைச் சுற்றி ஒரு தடவை நடந்தாள். முழங்கை எங்கே நிற்கிறது, விரல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று குனிந்து பார்த்தாள்.

"ரெண்டு பேரும் என்ன அங்க? பயிற்சி யாரு பண்றது?" என்று பிசியோதெரபிஸ்ட் கூடத்தின் மறுமுனையிலிருந்து அதட்டினார்.

"ஒரு நிமிஷம்" என்றாள் டீச்சர், திரும்பாமல். கைபேசியில் பக்கவாட்டிலிருந்து ஒரு படம் எடுத்துக்கொண்டாள். "என்ன கலர் வேணும்?"

"சிவப்பு" என்றார் முடிதிருத்துகிறவர், அசையாமல் நின்றபடி. "நல்ல பளிச்சுனு."